ஏழாவது கட்டம்

உங்கள் நாற்காலி சௌகரியமாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர் ஐயா. நகராட்சியில் மனுக்காரர்களுக்கென்று ஒரு பெஞ்சு போட்டிருக்கிறார்கள். பத்து நிமிடம் உட்கார்ந்தால் முதுகெலும்பே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடும். அதில் நான் ஐந்து மாதம் உட்கார்ந்தேன்.

விஷயம் சின்னது. தங்கள் முகவரியை யாருக்கும் தரக்கூடாது என்று நகராட்சிக்கு எழுதிக் கொடுத்தவர்கள் பதினொரு பேர். கோரிக்கையை ஏற்றுக்கொண்டதாக நகராட்சி ஓர் அறிவிப்பு தயாரித்தது. பதினொரு பேரின் பெயர், கதவு எண், தெரு எல்லாவற்றையும் சுத்தமாகத் தட்டச்சு செய்து வாசல் பலகையில் ஒட்டிவிட்டது. கண்ணாடிக் கதவு, பூட்டு, உள்ளே விளக்கு வேறு. மூக்குக்கண்ணாடியை மறந்து வந்த கிழவனும் வாசித்துவிட்டுப் போகலாம்.

ஒன்பதாவது பெயர் என் வீட்டு மாடியில் குடியிருக்கும் தையல்காரப் பெண்ணுடையது. புருஷன் அடிக்குத் தப்பி ஊர் மாறி வந்தவள்.

“பெரியப்பா, அந்தத் தாளை எப்படியாவது எடுக்க வைங்க. அந்த ஆளு கண்ணுல பட்டுச்சுன்னா என் கதை முடிஞ்சுது” என்றாள்.

“நான் எதுக்கும்மா இருக்கேன்?” என்றேன்.

முப்பத்தெட்டு வருடம் அரசு அலுவலகத்தில் மற்றவர்களின் மனுக்களைத் திருப்பி அனுப்பியவன் நான். ஒரு மனு எந்த இடத்தில் உயிரை விடும் என்று எனக்குத் தெரியாதா? பதினெட்டு மனு போட்டேன். அந்தக் கனத்தில் நகராட்சி அலமாரி தெருப் பக்கம் சாய்ந்துவிட்டது. நீங்கள் நம்ப வேண்டியதில்லை, நான் நம்புகிறேன்.

குமாஸ்தா ஒவ்வொரு முறையும் அதையேதான் சொன்னார். “சார், ஏழாவது கட்டம் காலியா இருக்கே.”

ஏழாவது கட்டம், பாதிக்கப்பட்டவர் விவரம்.

“யாரும் பாதிக்கப்படக்கூடாதுன்னுதானே தம்பி மனுவே போடுறேன்?”

“அதெப்படி சார்? யாருக்கும் ஒண்ணும் ஆகலையே. ஒருத்தரைக் காட்டுங்க, அன்னைக்கே கிழிச்சுடறோம்.”

உள்ளுக்குள் அவரை மெச்சினேன். என் மேசைக்கு வந்திருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். கட்டம் என்று ஒன்று இருந்தால் நிரப்பத்தான் வேண்டும். மற்ற பத்துப் பேரை எனக்குப் பழக்கமில்லை. பழக்கமில்லாதவர்களைத் தொந்தரவு செய்வது மரியாதையல்ல.

அவள் கணவர் வேலை செய்யும் மரக்கடை எது என்று அவளே பேச்சுவாக்கில் சொல்லியிருந்தாள். அங்கே ஓர் அஞ்சலட்டை போட்டேன். அவள் முகவரியை எழுதவில்லை. அடுத்தவர் தகவலை வெளியிடுவதை எதிர்த்துத்தானே இத்தனை பாடும்? பலகை எந்த வாசலில் இருக்கிறது, மேலிருந்து எத்தனையாவது வரி, இவ்வளவுதான். ‘நேரில் பார்வையிட்டு, பாதிப்பு இருப்பின் தெரிவிக்கவும்’ என்று முடித்து, கையெழுத்தும் தேதியும் போட்டேன். மொட்டைக் கடிதம் எழுதுகிற ஆள் நானில்லை.

செவ்வாய்க்கிழமை காலை வந்தார். பலகையைப் பார்வையிட்டார். பிறகு மாடிப்படி ஏறினார். நான் கீழே பேனாவுக்கு மை ஊற்றிக்கொண்டிருந்தேன். தையல் மெஷின் சாய்ந்த சத்தம் கேட்டது. “பெரியப்பா” என்று இரண்டு தடவை கேட்டது. மேலே போனால் நான் சாட்சியாகிவிடுவேன். மனுதாரரே சாட்சியாக இருப்பது முறையல்ல.

கட்டத்தில் இடம் போதவில்லை. இடுப்பு, வலது கை, தாடை என்று தனித்தாள் இணைத்தேன். குமாஸ்தா சொன்ன சொல் தவறவில்லை, ஐயா. அன்று மாலையே அறிவிப்பைக் கிழித்துவிட்டார்கள். பத்துக் குடும்பம் இனி நிம்மதியாக இருக்கலாம்.

நல்ல செய்தியை நேரில் சொல்ல ஆஸ்பத்திரிக்குப் போனேன். என் அட்டையை அவள் முகத்துக்கு நேரே காட்டிவிட்டுத்தான் அவர் கை வைத்தாராம், நர்ஸ் சொன்னார்.

“தாளை எடுத்துட்டாங்கம்மா” என்றேன்.

அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தாடையைக் கட்டியிருக்கிறார்கள் அல்லவா, வாய் திறந்து நன்றி சொல்ல முடியவில்லையே என்ற சங்கடம்.