பரஸ்தான மூட்டை

தாண்டவராயன்: மூட்டைய வழியில எடுத்துக்கலாம்னு சொன்னது யாரு? நீதானே...

கனகா: பாஸ்போர்ட்டத் தூக்கி அதுக்குள்ள வையின்னா சொன்னேன்? ஒரு வேட்டி, ஒரு பிடி அரிசி...

தாண்டவராயன்: போற ஆளோட சாமான் வெக்கணும்னு...

கனகா: பேச வுடு மாமா. திங்கக்கெழம கெழக்கால சூலம். பொறப்படக் கூடாது. ஞாயித்துக்கெழமையே ஒரு மூட்டைய உங்க அக்கா வூட்ல பரஸ்தானம் வெச்சிட்டா, அன்னிக்கே பொறப்பட்ட கணக்கு. ஊருல எல்லாரும் பண்றதுதான்.

தாண்டவராயன்: மஸ்கட்டு மேக்கால கீதுடி.

கனகா: மீனம்பாக்கம் கெழக்காலதானே கீது?

தாண்டவராயன்: மஸ்கட்டுக்கு வேலைக்குப் போறது வேட்டியா, பாஸ்போர்ட்டா? அதான் அதையே வெச்சேன்.

கனகா: நல்லா வெச்ச. பாஸ்போர்ட்டு பரஸ்தானத்துல கீதுன்னு நீ சொன்னதும், அது எந்த நாடுன்னு கேக்கறாரு அந்த ஏர்போர்ட்டு ஆபீசரு.

தாண்டவராயன்: சிரிக்காத. நான் வெளிய நிக்கசொல்லோ என் தல மேலயே போச்சு ப்ளேனு.

கனகா: சிரிக்கல... சரி, செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுலயே குந்திக்கினு இருந்தா ஆச்சா? ஏஜெண்டு கடைசியா இன்னா சொன்னாரு?

தாண்டவராயன்: அடுத்த வாரம் ப்ளேன்ல ஏத்தி வுடறேன்றாரு. இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள பாஸ்போர்ட்டோட மெட்ராஸ் ஆபீசுல நிக்கணுமாம். இல்லன்னா எடம் வேற ஆளுக்கு.

கனகா: அப்ப திருமுக்கூடல்ல அண்ணி வூட்டுக்குப் போயி மூட்டைய எடுத்துக்கினு...

தாண்டவராயன்: திரும்பி மெட்ராஸ் போறதுக்குள்ள ஆபீச மூடிடுவான்.

கனகா: இப்பவே கெளம்பினா ஆவும்.

தாண்டவராயன்: நேத்து மாதிரி அக்கா இன்னிக்கும் வூட்டப் பூட்டிக்கினு போயிருந்தா?

கனகா: அப்ப நம்ம ஊருக்கே போயிடலாமா?

தாண்டவராயன்: போயி இன்னா சொல்றது? மால போட்டு அனுப்புனாங்களே.

கனகா: ப்ளேன் பஞ்சராயிடுச்சின்னு சொல்லு.

தாண்டவராயன்: பக்கத்து வூட்டு முத்துகிருஷ்ணன் வேற டார்ச் லைட்டு வாங்கியாரச் சொன்னான்.

கனகா: எதிர்க் கடையிலயே தொங்குது பாரு. வாங்கிக்கினு போயிக் குடு.

தாண்டவராயன்: உனக்கு எல்லாமே வெளாட்டு...

கனகா: மாமா.

தாண்டவராயன்: இன்னா?

கனகா: அண்ணி வூட்ல இன்னா பூட்டு தொங்கிச்சு?

தாண்டவராயன்: ...பூட்டுன்னா பூட்டுதான். பெரிய பூட்டு. எதுக்குக் கேக்கற?

கனகா: நேத்து தெரு முனையில கார நிறுத்திட்டு நீ மட்டும் எறங்கிப் போன. திரும்பி வந்து, வூடு பூட்டிக்கீது, காத்துக்கினு இருந்தா நேரமாயிடும், மீனம்பாக்கத்துல போயிச் சொல்லிப் பாக்கலாம்ன. அண்ணி வூட்டுக் கதவுல வெறும் நாதாங்கிதானே? பூட்டு மாட்ட வளையமே இல்லியே.

தாண்டவராயன்: புதுசா அடிச்சிருப்பாங்க.

கனகா: மாமா... சொல்லு. நான் கத்த மாட்டேன்.

தாண்டவராயன்: அக்கா தோட்டத்துப் பக்கம் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கினு இருந்திச்சு. பக்கெட்டு சத்தம் கேட்டுது. நான் கூப்புடல. வாசல்ல கொஞ்ச நேரம் நின்னேன்... திரும்பிட்டேன்.

கனகா: ஏன்?

தாண்டவராயன்: மூணு வருசம்டி. பாப்பா இப்பதான் நைனான்னு வாயத் தொறக்குது. நான் வரசொல்லோ யாரோன்னு உன் முந்தானைக்குள்ள பூந்துக்கும். அத நெனச்சேன்... கால் வரல.

கனகா: கெணத்துக்கு மோட்டார் வெப்பேன், மூணு போகம் வெளைய வெப்பேன்னு குதிச்சது யாரு?

தாண்டவராயன்: நான்தான். இப்பவும் வேணும்தான். வேணாம்னு சொல்லலியே.

கனகா: அப்ப?

தாண்டவராயன்: அப்ப இன்னா... தெரியல. பூட்டுன்னு சொல்லிட்டேன். அப்புறம் மாத்தி சொல்ல வாய் வரல. ராத்திரி முழுக்கத் தூக்கமில்ல. நீ திட்டிடு கனகா, அதான் நல்லது.

கனகா: எப்படித் திட்டுவேன்? நீ வாசல்ல நிக்கசொல்லோ அண்ணி கார் சத்தம் கேட்டு சந்து வழியா வந்துட்டாங்க. தம்பி மொகத்தப் பாத்தா அழுதுடுவேன், பொறப்படற நேரத்துல அழுவக் கூடாதுன்னு மூட்டைய என் மடியில வெச்சிட்டு ஓடிட்டாங்க. அப்புறம் நீ வந்து வூடு பூட்டிக்கீதுன்ன... எனக்குப் புரிஞ்சி போச்சு. மீனம்பாக்கத்துலயாவது எடுத்து நீட்டியிருக்கலாம். கை வரல மாமா. அது இந்தக் கூடையிலதான் கீது. அதோ மெட்ராஸ் பஸ்ஸும் நிக்குது, நம்ம ஊரு பஸ்ஸும் நிக்குது. எதுல ஏறலாம், சொல்லு.