சர்க்கரைக் கோபுரம் ஆடிய கதை

கீழே சமையலறையிலிருந்து அண்ணி: ...அட நிறுத்துப்பா! என் கோபுரம் ஆடுது!

மேல்மாடியிலிருந்து கொழுந்தன்: எது ஆடுது அண்ணி?

அண்ணி: சர்க்கரைக் கோபுரம்! நாளைக்கு உன் கல்யாண கேக்கு மேல நிக்க வேண்டியது. எறும்புக்குப் பயந்து உத்தரத்துல சங்கிலி போட்டுத் தொங்குற பலகைல வச்சிருக்கேன். மேல நீ என்ன பண்றே?

கொழுந்தன்: நானா? ஒண்ணுமில்லியே... வாஷிங் மெஷின் ஓடுது.

அண்ணி: போன மாசம் தானா நடந்து மாடிப்படி வரைக்கும் வந்து, என்னைப் பார்த்ததும் மரியாதையா திரும்பிப் போச்சே, அந்த மெஷினா?

கொழுந்தன்: அதேதான். நடுவுல நிறுத்த முடியாது அண்ணி. நிறுத்தினா... சாயம் போயிடும்.

அண்ணி: கோபுரத்தை இறக்கலாம்னா ஒட்டு இன்னும் காயலே. கை பட்டா ஒடிஞ்சிரும். சரி, கொஞ்சம் மெதுவாவாவது ஓட்டு.

கொழுந்தன்: இதோ... மெதுவா... போதுமா?

அண்ணி: ஐயையோ! முன்னைவிட மோசம்! ஒவ்வொரு தடவையும் இன்னும் அகலமா ஆடுது!

கொழுந்தன்: நீங்கதானே மெதுவான்னு...

அண்ணி: அதான் வம்பாப் போச்சு! பலகை ஆடுற வேகமும் மேல இடிக்கிற வேகமும் ஒண்ணாயிடுச்சு. ஊஞ்சல் திரும்புற நேரம் பார்த்து, பார்த்துத் தள்ளினா என்ன ஆகும்? சின்னக் குழந்தை தள்ளினாலே கூரையைத் தொடும். வேகமா ஓட்டு!

கொழுந்தன்: வேகமாவா? ...சரி... இப்ப?

அண்ணி: இப்ப லேசா சிலிர்க்குது, அவ்வளவுதான். பலகை ஒரு பக்கம் கிளம்புறதுக்குள்ள அடுத்த இடி வந்துருது. எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாம, ஜவுளிக்கடைல உங்கண்ணன் நிக்கிற மாதிரி நிக்குது. அப்படியே ஓட்டு.

கொழுந்தன்: எவ்வளவு... நேரம்... அண்ணி?

அண்ணி: ஒட்டு காயற வரைக்கும். ஒரு மணி நேரம்.

கொழுந்தன்: ஒரு மணி... அம்மாடி!

அண்ணி: மெஷின் ஓடினா உனக்கு ஏன் மூச்சு வாங்குது?

கொழுந்தன்: பிடிச்சுக்கிட்டு... நிக்கிறேன்ல... மறுபடி நடந்து... போயிடக் கூடாதே...

அண்ணி: மெதுவாகுது, மெதுவாகுது! உச்சில நிக்கிற பொம்மை ரெண்டும் தலைகுப்புற விழப் பாக்குது. அதுல ஒண்ணு நீ!

கொழுந்தன்: இன்னொண்ணு?

அண்ணி: அவ உன்னை விட்டுட்டு சங்கிலியைப் பிடிச்சுக்கிட்டா.

கொழுந்தன்: கல்யாணத்துக்கு முன்னாடியேவா!

அண்ணி: பேசாதே, இரு... பலகைக்கும் சுவருக்கும் நடுவுல உன் தலகாணியைச் சொருகுறேன்... ம். இப்ப அதே மெதுவா ஓட்டு, பார்ப்போம்.

கொழுந்தன்: மெதுவாவா... அப்பாடா...

அண்ணி: ஆடத்தான் செய்யுது... ஆனா ஆட்டம் ஏறலே. ஒவ்வொரு இடியையும் தலகாணி வாங்கி முழுங்கிடுது. அது இல்லாதப்ப எல்லாம் சேர்ந்துக்கிட்டே போச்சு.

கொழுந்தன்: உங்க கோபத்தை எங்கண்ணன் முழுங்குற மாதிரி.

அண்ணி: அதனாலதான் இந்த வீடு இன்னும் நிக்குது. சரி கொழுந்தனாரே, ஒரு சின்ன சந்தேகம்.

கொழுந்தன்: கேளுங்க அண்ணி.

அண்ணி: இங்க ஃபேன் நின்னு ரொம்ப நேரமாச்சு. கரண்ட் இல்லாம உன் மெஷின் எதுல ஓடுது?

கொழுந்தன்: கரண்ட்... போயிடுச்சா?

அண்ணி: அட! கேட்டதும் பலகையும் நின்னுடுச்சே.

கொழுந்தன்: கயிறு தாண்டிக்கிட்டிருந்தேன் அண்ணி.

அண்ணி: கயிறா? நாளைக்குக் கல்யாணம், இன்னிக்கு என்ன கயிறு?

கொழுந்தன்: கல்யாணக் கோட்டுல பொத்தான் மாட்டலே! போன வாரம் தொளதொளன்னு இருந்துச்சு. இன்னிக்குக் காலைல போட்டுப் பார்த்தா மூணு விரக்கடை பத்தலே. வயிறு மட்டுமில்லே அண்ணி, கைகூட நீளமாயிடுச்சு! மணிக்கட்டுக்கு மேலேயே நிக்குது.

அண்ணி: கை... நீளமாயிடுச்சா?

கொழுந்தன்: சிரிக்காதீங்க. காலைலேருந்து பச்சைத் தண்ணிகூடக் குடிக்கலே. நாளைக்கு எல்லார் முன்னாடியும் அவ பக்கத்துல, பொத்தான் போடாம, கையைப் பின்னாடி மறைச்சுக்கிட்டு நிக்கணும்...

அண்ணி: ஐயோ கடவுளே!

கொழுந்தன்: அண்ணி? கோபுரம் விழுந்துடுச்சா?

அண்ணி: இல்லப்பா, நல்லா நிக்குது. கயிறைப் போட்டுட்டு கீழ வா, சாப்பாடு போடுறேன்.

கொழுந்தன்: சாப்பாடா! அப்ப என் கோட்டு?

அண்ணி: உன் வயித்துலயும் கையிலயும் ஒண்ணும் ஏறலேப்பா... கோபுரத்துக்குக் காய்ச்சின பாகை உன் கோட்டு மேல கொட்டிட்டேன். உனக்குத் தெரியறதுக்குள்ள எடுத்துடலாம்னு கொதிக்கிற தண்ணில முக்கினேன், சுருங்கிடுச்சு. காலைலேருந்து உங்கண்ணன் கோட்டைப் பிரிச்சு உன் அளவுக்குத் தச்சுக்கிட்டுதான் உக்காந்திருக்கேன்... சத்தம் போடாம இறங்கி வா, அவருக்கு இன்னும் சொல்லலே.