கை கேட்கும் பழக்கம்

எங்கள் வகுப்பில் மூட்டுவலித் தைலம் மணக்க வந்து உட்காரும் மாணவி நான் ஒருத்திதான், ஐயா. மற்றதெல்லாம் என் மகன் வயதுப் பிள்ளைகள். பாடம் நடத்தும் சாருக்கே அவனைவிட நாலைந்து வயது கூட இருந்தால் அதிகம். மகன் வேலைக்குப் போனபிறகு வீட்டில் சும்மா இருப்பானேன் என்று இளங்கலை நிர்வாகப் படிப்பில் சேர்ந்தேன். "உன் வம்பிலேருந்து தெருவுக்கு விடுதலை," என்றார் என் வீட்டுக்காரர்.

அதில் நிறுவன நடத்தையியல் என்றொரு தாள். பேரைச் சொன்னால் வாய் சுளுக்கும், விஷயம் சுலபம்தான். பத்துப் பேர் ஒரு கூரையின் கீழ் வேலை பார்த்தால் யாரோடு யார் சேருவார்கள், யாரை ஒதுக்குவார்கள், ஏன் என்று பார்ப்பது. சார் முதல் வகுப்பிலேயே சொன்னார்: "உத்தரவு போறதுக்கு ஒரு பாதை இருக்கும். ஆனா நிஜமான சேதி எல்லாம் வேற பாதையிலதான் போகும். அதுதான் வேகமாவும் போகும்." எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. இத்தனை காலம் கூலி வாங்காமல் நான் பார்த்த வேலைக்குப் புத்தகத்தில் ஓர் அத்தியாயமே ஒதுக்கியிருக்கிறார்களே.

அப்படியும் அந்தத் தாளில் இரண்டு தடவை கோட்டை விட்டேன். இந்தத் தடவையும் போனால் படிப்பே போச்சு. ஒரு வேலையிடத்துக்குப் போய்க் கவனித்து ஆய்வு செய்ய வேண்டும். எனக்கு வாய்த்தது என் நாத்தனார் மேற்பார்வை பார்க்கும் சலவைக்கூடம். ஓட்டல் படுக்கை விரிப்புகள் மலைமலையாக வரும் இடம்.

அங்கே பார்த்தால் எல்லோரும் பாலும் தண்ணியுமாகப் பழகுகிறார்கள். ஒருத்திக்குத் தலைவலி என்றால் இன்னொருத்தி அவள் பங்கையும் மடித்து வைக்கிறாள். எழுதிக்கொண்டு போனேன். சார் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, இது ஆய்வு இல்ல, வாழ்த்து மடல். ஒரு உரசல் கூடவா இல்ல? உரசல் இருந்தாத்தான் ஒரு குழு எப்படிப்பட்டதுன்னு தெரியும்," என்றார்.

இல்லாத உரசலுக்கு நான் எங்கே போவேன், ஐயா?

அந்த இஸ்திரி மெஷினை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கட்டில் அகலம், மேலே கொதிக்கும் மூடி. இரண்டு பேர் வேலை. ஒருத்தி விரிப்பைப் போட்டு மூலையைக் கையால் நீவிவிடுவாள். மற்றவள் மூடியை இழுத்து இறக்குவாள். நீராவி மறைப்பதால் இறக்குகிறவளுக்கு எதிர்க்கை தெரியாது. அதனால், "கை?" என்று கேட்பாள். "எடுத்தாச்சு," என்று பதில் வந்தால்தான் மூடி இறங்கும். நாளெல்லாம் அது பாட்டுப் போலக் கேட்டுக்கொண்டே இருக்கும்.

இழுப்பவளை அங்கே 'ரேடியோ' என்பார்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை. நீவுகிறவள் 'ஜன்னல்'. புதிதாகச் சேர்ந்தவள், கூச்ச சுபாவம், சாப்பாட்டு நேரத்தில் ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொள்வாள். தையல் மெஷின் வாங்கித் தனியாகக் கடை போடுவது அவள் ஆசை. அருமையான விரல்கள், ஐயா. அவள் நீவினால் மூலை கத்தியாக நிற்கும்.

நான் செய்தது ஒன்றே ஒன்று. ரேடியோவிடம், "இங்க நடக்கறதெல்லாம் முதலாளி காதுக்குப் போகுதாமே?" என்றேன்.

"யாரு சொல்றா?"

"எனக்கென்னம்மா தெரியும். வந்து போறவ. காதுல விழுந்துச்சு, சொன்னேன்."

யார் பேரையும் நான் சொல்லவில்லை. அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். முதலாளிக்கு யாரும் எதுவும் சொல்லவுமில்லை. வெறும் பானையை அடுப்பில் வைத்தேன். அரிசி போட்டது அவர்கள். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் கேட்க வேண்டுமே.

"அவ ஏன் எப்பப் பாத்தாலும் ஜன்னல்கிட்டயே போறா?"

"முதலாளி வண்டி அங்கதான நிக்கும்."

"அட, ஊமைக்கோட்டானே. அதான் வாயத் திறக்கறதில்ல."

சார் சொன்ன வேகம் பொய்யில்லை. வாரம் முடிவதற்குள் ஜன்னலோடு பேசுவதை எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். பேசியவளையும் முறைத்தார்கள். குழு நெறி என்று புத்தகத்தில் இருக்கிறதே, அது என் கண்முன்னே முளை விட்டது. பிள்ளை முதலடி எடுத்து வைப்பதைப் பார்க்கிற மாதிரி இருந்தது எனக்கு.

அவள் என்னிடம் வந்தாள். "நான் என்னக்கா பண்ணேன்? உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

"தெரியலையேம்மா," என்றேன். அது பொய்யில்லை. அவள்தான் ஒன்றும் பண்ணவில்லையே.

பிறகுதான் அந்த அருமையான விஷயத்தைக் கவனித்தேன். ரேடியோ 'கை' கேட்பதை நிறுத்தியிருந்தாள். பேசக் கூடாதவளிடம் எப்படிக் கேட்பது? முதலில் கைப்பிடியை இரண்டு தட்டுத் தட்டினாள். அப்புறம் அதுவும் இல்லை. ஜன்னல்தான் இறங்கும் மூடியைப் பார்த்துப் பார்த்துத் தன் கையை இழுத்துக்கொண்டாள். பேசாதே என்ற புது நெறி, கை கேள் என்ற பழைய நெறியை விழுங்கிவிட்டது. புத்தகத்தில் இதற்கு ஈடாக ஓர் உதாரணம் கிடையாது, தேடிப் பாருங்கள். நான் ஸ்டூலை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

நாத்தனார் முன்னறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்ன அண்ணி, சத்தமே காணோம்? எல்லாம் சரியாத்தான போகுது?"

"ஒழுங்கா போகுது, நீ உன் வேலையப் பாரு," என்றேன்.

அவள் உள்ளே வந்திருந்தால் அந்த நிமிடமே மெஷினை நிறுத்தியிருப்பாள். அது எனக்குத் தெரியும். ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் அந்த மூடி கைமேல் இறங்கும் என்பதும் தெரியும். 'கை' என்று நானே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்தான். ஆனால் கவனிக்க வந்தவள் நடுவில் பேசினால் ஆய்வு கெட்டுவிடும். சார் அதைப் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார். அதனால் காத்திருந்தேன். இரண்டே நாளில் இறங்கியது. வலது கை, நாலு விரல். ஜன்னலைவிட ரேடியோதான் அதிகம் கத்தினாள்.

ரேடியோ வேண்டுமென்றே இழுத்தாள் என்று நீங்கள் கேஸ் எழுதப் போவதாகக் கேள்விப்பட்டுத்தான் ஸ்டேஷனுக்கு நானாக வந்தேன். பாவம், அவளை விட்டுவிடுங்கள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. நாத்தனாரையும் வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். வீட்டில் அண்ணன் முகத்தைக்கூட அவள் பார்ப்பதில்லை. தாளில் நான் தேறிவிட்டேன். சார் வகுப்பில் வாசித்தே காட்டினார். முடிவை மட்டும் 'இயந்திரக் கோளாறு' என்று போட்டிருந்தேன். பிள்ளைகள் பயந்துவிடக் கூடாது பாருங்கள்.

தினமும் ஆஸ்பத்திரிக்குப் போய் ஜன்னலுக்குச் சோறு ஊட்டிவிடுகிறேன். இனித் தையல் நடக்காது என்று டாக்டர் சொன்னதை அவளிடம் பக்குவமாக எடுத்துச் சொன்னதும் நான்தான். நேற்று, கட்டுப் போட்ட கையை என் மடியில் வைத்துக்கொண்டு, "அங்க கடைசி வரைக்கும் என்கிட்ட முகம் குடுத்துப் பேசினது நீங்க ஒருத்தர்தான்க்கா," என்றாள். கேட்டதும் எனக்கு மனசு நிறைந்துவிட்டது, ஐயா. அத்தனை பேர் இருந்த இடத்தில் யாராவது ஒருத்தியாவது அவளிடம் மனுஷியாக நடந்துகொள்ள வேண்டாமா?