பஞ்சு வைக்காதவன்

விளையாட்டுகளைப் பற்றிக் கேட்டால் நான் நேரம் போவது தெரியாமல் பேசிக்கொண்டே இருப்பேன், இன்ஸ்பெக்டர் அம்மா. எழுதச் சொன்னாலும் அப்படித்தான். நடுவில் அலுத்துப்போனால் இரண்டு தாள் தள்ளிப் படியுங்கள், நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன். உங்களுக்கும் வீட்டில் ஆயிரம் வேலை கிடக்கும்.

நீங்கள் கேட்டது என் அக்காவைப் பற்றி. அவள் எப்படி இறந்தாள், அந்த நேரம் நான் எங்கே இருந்தேன், அவள் வாய்க்குள் துண்டு எப்படிப் போனது. எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருக்கிறது. எதையும் மறைக்கப் போவதில்லை. ஆனால் எடுத்த எடுப்பில் அங்கே போனால் உங்களுக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. அதனால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தொழில் வீடியோ கேம் ஆடுவது. ஆடிக்கொண்டே அது தேறுமா தேறாதா என்று அபிப்பிராயம் சொல்வது. தினமும் மதியம் மூன்று மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு கேமராவுக்கு முன்னால் உட்காருவேன். முகம் தெரியாத பல்லாயிரம் பேர் அவரவர் வீட்டிலிருந்து நேரலையில் பார்ப்பார்கள். பார்த்துக்கொண்டே திரையின் ஓரத்தில் எழுதுவார்கள். பாராட்டும் வரும், ஏச்சும் வரும். எனக்கு உறவு என்று சொன்னால் அக்காவை விட்டால் அவர்கள்தான்.

முதலில் குதிக்கிற விளையாட்டுகள் இருந்தன. பள்ளம் வந்தால் குதிக்க வேண்டும், அவ்வளவுதான். அக்கா என்னைவிடப் பதினோரு வயது மூத்தவள். எங்கள் அம்மா இறந்துபோன பிறகு எனக்குத் தலை வாரிவிட்டவள், பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டவள். சாயங்காலம் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "குதிடா, குதிடா, ஐயோ பள்ளம்டா!" என்று அவள் போடும் கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டுவார். அப்புறம் சுடுகிற விளையாட்டுகள் வந்தன. அப்புறம்தான் எனக்குப் பிடித்த வகை வந்தது: கையில் ஆயுதமே இல்லாமல், ஒளிந்துகொண்டு, பயந்துகொண்டே போகிற வகை.

அதையும் கெடுத்தார்கள். நன்றாக விற்கிறது என்றதும் ஆளுக்கொரு துப்பாக்கி கொடுத்தார்கள், உடுப்பு மாற்றிக்கொள்ள அலமாரி கொடுத்தார்கள். என்னைப் பார்க்கிற கூட்டத்தில் கரண்ட்கம்பி என்ற பெயரில் எழுதுகிற ஒருவர் உண்டு. அவர் எழுதினார்: "கையில மெஷின் கன்னைக் குடுத்துட்டு பயப்படுன்னா எப்படிப்பா பயப்படறது? பேய்தான் பாவம், அதுக்குத்தான் பயமா இருக்கும்." சோடாபுட்டி என்ற இன்னொருவர் எழுதினார்: "இப்ப வர்ற பேய் கேம் எல்லாம் என் மாமியார் வீட்டு விருந்து மாதிரி. யாரு எந்தக் கதவு வழியா வருவாங்கன்னு முன்னாடியே தெரிஞ்சுடுது."

அவர்கள் சொன்னது சரி. எனக்கும் ஒன்பது வருடமாகப் பயம் வரவில்லை. வருவதுபோல முகத்தை வைத்துக்கொண்டேன். நம்பிப் பார்க்கிறவர்களை அப்படி ஏமாற்றுவது எனக்கு உறுத்தலாகவே இருந்தது. நான் பொய்யன் இல்லை, அம்மா.

அப்போதுதான் 'மூச்சு' வந்தது. அது கேட்கிற விளையாட்டு. திரையில் நீங்கள் ஓர் இருட்டான கட்டடத்துக்குள் நடக்கிறீர்கள். உங்களைத் தேடி ஒன்று அலைகிறது. அதற்குக் கண் இல்லை, காது மட்டும்தான். நாங்கள் செவியன் என்போம். அந்தச் செவியன் திரையில் உள்ள சத்தத்தைக் கேட்பதில்லை. உங்கள் மேஜையில் இருக்கும் மைக் வழியாக, உங்கள் நிஜ அறையைக் கேட்கிறது. நீங்கள் தும்மினால் அது திரும்பும். திரையின் கீழே ஒரு கோடு ஓடும். அமைதியாக இருந்தால் பச்சை. சத்தம் அளவைத் தாண்டினால் சிவப்பு. சிவப்பானால் அது வந்துவிடும், ஆட்டம் முடிந்தது. அளவைத் தாண்டாத சின்னச் சத்தங்களையும் அது விடாது. அவற்றை உருமாற்றி, ஈரமாக்கி, உங்கள் ஹெட்போனில் உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து திருப்பி அனுப்பும். உங்கள் வீட்டுக் குழாய் சொட்டுவது, அங்கே யாரோ நாக்கைச் சப்புவதாகக் கேட்கும்.

வீட்டுச் சத்தம் மைக்கில் விழாமல் தடுக்க விளையாட்டிலேயே ஒரு வசதி உண்டு. அதைப் போட்டால் வீட்டில் யார் பேசினாலும் செவியனுக்குக் கேட்காது. ஆனால் போட்டதும் திரையின் மூலையில் சின்னதாக ஒரு பஞ்சுருண்டை தெரியும், எல்லாரும் பார்க்கும்படி. பஞ்சு என்றால் எங்களிடையே அதைவிடக் கேவலமான சொல் கிடையாது. "என்னடா, பஞ்சா?" என்று ஒருவன் கேட்டுவிட்டால் அதற்கப்புறம் உங்கள் அபிப்பிராயத்தை எவனும் மதிக்க மாட்டான். பஞ்சு வைக்காமல் அந்த விளையாட்டைக் கடைசிவரை முடித்தவர் அதுவரை யாரும் இல்லை.

இனி அக்காவுக்கு வருகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்பு அவளுக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு பாதிதான் வரும். என்னைத் 'தம்பி' என்று கூப்பிட நினைத்தால் 'தம்' என்று நிற்கும். விழுங்குவதும் சிரமம். டாக்டர் என்னை நிற்க வைத்துச் சொன்னார்: "தண்ணி குடிச்சா புரையேறும். இருமுவாங்க. அந்த இருமல்தான் அவங்களுக்குக் காவல். இருமற சத்தம் கேட்டா உடனே போய் நிமித்தி உக்கார வைங்க. கூப்பிட கையில ஒரு மணி குடுத்துடுங்க." நானே கடைக்குப் போய் மணி வாங்கி வந்தேன். நல்ல மணி. தெருமுனை வரை கேட்கும்.

அவள் அறைக்கும் என் அறைக்கும் நடுவில் ஒரு சுவர், ஒரு கதவு. என் நாற்காலியிலிருந்து அவள் கட்டில் பதினான்கு அடி. நேற்று நீங்கள் அளந்தீர்கள், நானும் பார்த்தேன்.

'மூச்சு' ஆடத் தொடங்கிய முதல் வாரம் மணியால் நான்கு முறை செத்தேன். விளையாட்டில்தான். கூட்டம் சிரித்தது. "உங்க வீட்ல கோயிலாண்ணே?" என்று கேட்டார் சோடாபுட்டி. அன்றைக்கு மணியை எடுத்து அலமாரியில் வைத்தேன். மூன்று மணிக்கு மட்டும்தான், ஆட்டம் முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடுவேன். பிறகு கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டேன். சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றினேன். மின்விசிறியை நிறுத்தினேன். எவர்சில்வர் டம்ளருக்குப் பதில் துணி சுற்றிய பிளாஸ்டிக் டம்ளர் வைத்தேன். வீடு அடங்கிவிட்டது. அக்காதான் மிச்சம்.

அவளுக்கு விளக்கிச் சொன்னேன். என் பழைய செல்போனை அவள் கட்டிலோரம் சாய்த்து வைத்து, என் திரையில் ஓடும் அதே கோடு அதிலும் ஓடும்படி செய்தேன். "பாருக்கா, பச்சையா இருந்தா ஒண்ணும் இல்ல. சத்தம் வந்தா சிவப்பாகும். சிவப்பானா அது வந்துடும்." விளையாட்டுக்குள் வரும் என்றுதான் சொன்னேன். அக்கா கோட்டைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். "எங்... க?" என்றாள். எங்கே வரும் என்று கேட்கிறாள். நான் பதில் சொல்லவில்லை. பொய் சொல்லவில்லை, அம்மா. பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு வீடு எவ்வளவு அமைதியானது என்று உங்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். இருமல் வந்தால் இடக்கையால் துண்டை எடுத்து வாயில் அழுத்திக்கொள்ளச் சொல்லிக்கொடுத்தேன். ஒரே நாளில் பிடித்துக்கொண்டாள். ஒரு நாள் வாசலில் யாரோ பாத்திரத்தைக் கீழே போட்டார்கள். கோடு சிவப்பானது. நான் எட்டிப் பார்த்தபோது அக்கா போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு, கண்ணை மட்டும் வெளியே விட்டு, கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். படுக்கை நனைந்திருந்தது. எனக்குச் சங்கடமாக இருந்தது. துணி மாற்றிவிட்டேன். "அது போயிடுச்சுக்கா," என்றேன். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டாமா?

காலையில் அவளைப் பார்த்துக்கொள்ள ஒரு நர்ஸம்மா வருவார். மூன்று மணிக்குள் வீட்டுக்குப் போய்விட்டு, நாலரைக்குத் திரும்பி வந்து ஆறு மணி வரை இருப்பார். நல்ல மனுஷி, வாய்தான் ஓயாது. ஒரு நாள் என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டார்.

"சார், உங்க அக்காவை யாரு இப்படி மிரட்டி வெச்சிருக்காங்க? ஸ்பூன் கீழ விழுந்துச்சு, அதுக்குக் கட்டிலுக்கு அடியில பாருங்கன்னு கையைக் காட்டறாங்க. நான் பேசினா என் வாயைப் பொத்தறாங்க."

"பக்கவாதம் வந்தா அப்படித்தான் இருக்கும்."

"இருவது வருஷமா இதே பொழைப்பு சார் எனக்கு. அப்படி இருக்காது. அவங்க பயந்து போயிருக்காங்க. எதைக் கண்டுன்னு கேட்டா சொல்லவும் பயப்படறாங்க."

"உங்களுக்கும் வேலை அதிகம்தான். இனிமே ரெண்டு மணிக்கே கிளம்பிடுங்க, சாயங்காலம் வர வேண்டாம்."

"சாயங்காலம் தண்ணி யாரு குடுப்பா?"

"நான் வீட்லதானே இருக்கேன்," என்றேன். இருந்தேனே. ஒரு நாள்கூட வெளியே போகவில்லை.

அந்த நாள் செவ்வாய்க்கிழமை. கடைசிக் கட்டத்தைப் பஞ்சு வைக்காமல் ஒரே மூச்சில் முடிக்கப் போகிறேன் என்று முன்னமே சொல்லியிருந்தேன். ஒன்றரை மணி நேர ஆட்டம். என் வாழ்க்கையில் அவ்வளவு கூட்டம் வந்ததில்லை. மூன்று மணிக்கு அக்காவின் செல்போனைச் சரியாக நிமிர்த்தி வைத்து, டம்ளரில் தண்ணீர் ஊற்றி, அவள் இடக்கைக்கு எட்டும்படி வைத்தேன். நெற்றியைத் தடவிக் கொடுத்தேன். அவள் உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். எனக்கு அவள் சொல்கிறாள், சத்தம் போடாதே என்று.

நாற்பதாவது நிமிடம். திரையில் ஒரு நீண்ட நடை, தரையெல்லாம் தண்ணீர். ஹெட்போனில் என் பிடரிக்குப் பின்னால் ஒரு சத்தம் வந்தது. எதையோ விழுங்க முடியாமல் விழுங்குவதுபோல. நின்றது. மறுபடி வந்தது. கோடு எழும்பியது, சிவப்புக்கு ஒரு மயிரிழை கீழே நடுங்கிக்கொண்டு நின்றது, இறங்கியது. பிறகு நகத்தால் துணியைப் பிறாண்டுகிற சத்தம். பிறகு மறுபடி அந்த விழுங்கல்.

கரண்ட்கம்பி எழுதினார்: "டேய், இது கேம்ல கிடையாது. நான் இந்த இடத்தை முப்பது தடவை ஆடியிருக்கேன்." இன்னொருவர்: "நான் எந்திரிச்சு லைட்டைப் போட்டுட்டேன்." யாரோ ஒருவர்: "பாப்பா பயந்துடுச்சு, பஞ்சு குடுங்கப்பா." சோடாபுட்டி எழுதினார்: "அண்ணே, விளையாட்டு இல்ல. உங்க வீட்ல யாருக்கோ முடியல போலிருக்கு. போய்ப் பாருங்க." அதை நான் படித்தேன். படித்தேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

என் கையில் மயிர் குத்திட்டு நின்றது. திரும்பிப் பார்க்க முடியவில்லை. ஒன்பது வருடத்துக்குப் பிறகு, அம்மா. நடிக்காத பயம். கேமராவில் என் முகத்தைப் பாருங்கள், அதில் ஒரு துளி பொய் கிடையாது.

பஞ்சைப் போட்டிருந்தால் செவியனுக்குக் கேட்காமல் எழுந்து போயிருக்கலாம். ஒரு பொத்தான்தான். பஞ்சு வைக்காமலே, ஆட்டம் போனால் போகட்டும் என்று எழுந்தும் போயிருக்கலாம். பதினான்கு அடி. அது அக்கா என்று எனக்கு இரண்டாவது நிமிடத்திலேயே தெரியும். தண்ணீர் குடித்திருக்கிறாள், புரையேறியிருக்கிறது, சொல்லிக்கொடுத்தபடி துண்டை அழுத்தியிருக்கிறாள். தெரிந்த பிறகு நான் செய்தது ஒன்றே ஒன்று. மைக்கின் திறனை ஒரு படி ஏற்றினேன், இன்னும் தெளிவாகக் கேட்கட்டும் என்று. கோடு சிவப்பைத் தொட்டுவிடுமோ என்று கொஞ்சம் யோசனைதான். தொடவில்லை. எட்டு நிமிடம் கேட்டுக்கொண்டே நடந்தேன். பிறகு சத்தம் நின்றது. மிச்ச ஆட்டம் சப்பென்றிருந்தாலும் முடித்தேன்.

ஆக, துண்டை நான் வைக்கவில்லை. அவளே வைத்துக்கொண்டாள். வைக்கச் சொல்லிக்கொடுத்தவன் நான், மணியை எடுத்தவன் நான், தெரிந்தும் போகாதவன் நான். கையெழுத்து எங்கே போட வேண்டுமோ போடுகிறேன்.

ஒன்றை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள். முகத்தில் பயம் உறைந்திருந்தது, கண் செல்போன் மேலேயே நின்றிருந்தது என்று டாக்டர் அறிக்கையில் எழுதியிருக்கிறாராம். அவர் நல்ல டாக்டர், ஆனால் இது அவருக்குத் தெரிந்த விஷயம் இல்லை. பயத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்வது என் தொழில், அம்மா. அது பயம் இல்லை. அக்கா விளையாடிக்கொண்டிருந்தாள்.