கறுப்புக் காலா, வெளுப்புக் காலா?

— அந்தக் குருவிக்குப் புருவத்துல கோடு இருக்கா?

— இருக்குங்க. உங்க புருவத்தைவிட ஒழுங்கா இருக்கு.

— கிண்டல் அப்புறம். கோடு ரெண்டு வகைக்குமே இருக்கும். ரெண்டும் ஒரே பச்சை, ஒரே மஞ்சள் வயிறு. காலைப் பார்த்துச் சொல்லு. கறுத்திருந்தா கரிக்காலி, வெளுத்திருந்தா வெள்ளக்காலி.

— கறுப்பாத்தான் தெரியுது. என்னங்க, தலைமையாசிரியர் ஃபோன் பண்ணினார்.

— முதல்ல குருவி.

— குருவி, குருவி. உங்க கண் ஆபரேஷன் ஆனதுலேருந்து இந்த ஜன்னல்தான் எனக்கு ஊர், உலகம் எல்லாம். பால் வாங்கப் போனாக்கூட, எங்கே இருக்கேன்னு ஃபோன் வந்துடுது.

— கண்ணு தெரியாதவன் வேற என்னம்மா செய்வான்?

— பார்வை மெல்லத் திரும்பும்னுதானே டாக்டர் சொன்னார்?

— அவர் சொல்லுவார். இந்தக் கறுப்புக் கண்ணாடியைக் கழட்டினாலும் மாட்டினாலும் எனக்கு ஒண்ணுதான். சரி, தலைமையாசிரியர் என்னவாம்?

— உனக்காக எவ்வளவோ பொறுத்தாச்சும்மா, சாயங்காலத்துக்குள்ள வரேன்னு சொல்லு, இல்லைன்னா அந்த டீச்சர் வேலைக்கு வேற ஆள் பார்த்துடுவோம்னார். வெளியூர்தான். ஆனா வாராவாரம் வந்துடுவேன். மத்த நாள்ல அக்கா வந்து உங்ககூட இருக்கேங்கறா.

— உங்கக்காவா? காக்காவையும் மைனாவையும் பக்கத்துல பக்கத்துல உட்கார வெச்சாலும் முழிப்பா. என் குருவிப் புத்தகம் பாதியில நிக்குதும்மா.

— நானும்தான் பாதியில நிக்கறேன்.

— போகணும்னா போ. நான் எப்படியோ சுவரைத் தடவிக்கிட்டுக் கிடக்கறேன்.

— இதைச் சொன்னா நான் எங்கேங்க போவேன்? இதைச் சொல்லித்தானே போன தடவையும் உட்கார வெச்சீங்க. சரி, வரலைன்னு சொல்லிடறேன். இதைக் கரிக்காலின்னு எழுதிக்கறேன்.

— அவசரப்படாதே. கரிக்காலின்னா வாலைக் கீழே கீழே அடிச்சிக்கிட்டே இருக்கும்.

— ஏதோ ஒண்ணு. ஊர்ல யாரு வந்து காலைப் பிடிச்சுப் பார்க்கப் போறாங்க? கரிக்காலி. எழுதிட்டேன்.

— அடி, தப்பா எழுதாதே! நிழல்ல நின்னதால கறுப்பாத் தெரிஞ்சுது. இப்போ வெயில் விழற கிளைக்குத் தாவிடுச்சு பாரு, காலு எவ்வளவு வெளுப்பு. றெக்கையும் நீளம். சந்தேகமே வேண்டாம், வெள்ளக்காலிதான்.

— பேனாவை மூடிட்டேங்க.

— ஏன்? அடிச்சுட்டு மாத்தி எழுதும்மா.

— தாவினதை நான் சொல்லவே இல்லையேங்க. எத்தனை நாளாக் கண்ணு தெரியுது உங்களுக்கு?