பாவாயி துறையில் மூணு தட்டு

காவேரிக்கு இந்தப் பக்கம் பாலமே இல்லாத காலமுங்க. பவானிக்குக் கீழ, இதே எங்க கல்லாம்பாளையத்துல நடந்த கத. மாப்பிள்ள, உங்க மக பரிசல்லயே கெடக்கட்டும், நீங்க துண்டக் கீழ வெச்சுறாதீங்க. உங்க திருப்பூர்ச் சனமும் கேக்கட்டும். கேட்டுப்போட்டு அப்பறம் வெக்கப்படுங்க.

அப்ப இந்த ஊர்ல செங்கோடன்னு ஒரு பரிசல்காரரு இருந்தாராம். என்ற பாட்டனப் பெத்தவளுக்கு அப்பன். மூங்கில்ல கூடு பின்னி, மாட்டுத்தோல இழுத்துக் கட்டுன பரிசல். அக்கரைக்குப் போறவங்க யாரா இருந்தாலும் அவருக்குத்தான் கொரல் குடுக்கோணும். அவரு சம்சாரம் ஒரு பொட்டப்புள்ளயப் பெத்துப்போட்டுட்டுக் கண்ண மூடிருச்சாம். புள்ள பேரு பாவாயி. ஊர்ப் பொம்பளைகதான் மாத்தி மாத்திப் பால் குடுத்தாங்களாம்.

புள்ள வளந்துச்சு. ஆனா கூப்புட்டாத் திரும்பல. கைதட்டுனாத் திரும்பல. கோயில் மேளத்தப் பக்கத்துல அடிச்சாலும் திரும்பல. சனம் என்ன சொல்லும்? "காதும் இல்ல, புத்தியும் இல்ல"ன்னு முடிவே கட்டிட்டாங்களாம்.

அக்கரையில இருந்து மச்சான் வந்தாரு. செத்துப்போன மகராசிக்கு அண்ணன், குப்பண்ணன்னு பேரு. நல்ல மனுசன்தான். ஆனாப் புடிச்சாப் புடிச்சதுதான்.

"மாப்பிள்ள, புத்தியில்லாத புள்ளய வெச்சுக்கிட்டு நீ என்ன பண்ணுவ? மாரியாத்தா நோம்பிக்கு வருவேன். தூக்கிட்டுப் போயி மலைமேல மடத்துல விட்டுர்றேன். சாமி பாத்துக்கும். நீ வேற கண்ணாலம் கட்டிக்க."

புத்தியில்லன்னு சொன்னா இருக்குதுன்னு எப்படிக் காட்டுறது? செங்கோடன் அழுதுக்கிட்டே புள்ளயப் பரிசல்ல கெடத்திக்கிட்டுத் தொழிலுக்குப் போனாராம்.

ஒரு நாள் நடு ஆத்துல துடுப்பு கை நழுவிப் பரிசல் ஓரத்துல 'டொம்'முனு விழுந்துச்சாம். மல்லாக்கக் கெடந்த புள்ள சடக்குனு அந்தப் பக்கம் திரும்பிப் பாத்துச்சாம்! செங்கோடன் "பாவாயீ"ன்னு கத்துனாரு. திரும்பல. இந்தப் பக்கம் தட்டுனாரு. திரும்புச்சு. அந்தப் பக்கம் தட்டுனாரு. திரும்புச்சு. பொக்க வாயத் தொறந்து சிரிச்சுச்சு. பரிசல் தோலு அதிர்றது புள்ள முதுகுக்குத் தெரிஞ்சிருக்குது!

"எஞ்சாமி, உனக்குக் காதுதான் கேக்கல. புத்தி பூராவும் இருக்குது கண்ணு!"ன்னு அந்த மனுசன் நடு ஆத்துல கூத்தாடிட்டாராம்.

அன்னையில இருந்து வெளையாட்டுத்தான். செவப்புத் துண்ட மெதுவா இப்படி ஆட்டுவாரு, புள்ள கண்ணு கூடவே போகும். குப்புறப் போடுவாரு, ஆத்தப் பாக்கறதுக்குப் புள்ள தலையத் தூக்கும். பாட்டுப் பாடறப்ப அதோட கையத் தன்ற தொண்டையில வெச்சுக்குவாரு. துண்டுல மூஞ்சிய மூடிக்கிட்டு மூணு தட்டு. தொறந்தா அப்பன்! மறுபடி மூடி மூணு தட்டு. தொறந்தா அப்பன்!

அந்தக் காலத்துல பெரியவங்க முன்னால ஆம்பள தன்ற புள்ளயத் தூக்கவே மாட்டான். கரையில நின்னவங்க சும்மா இருப்பாங்களா?

"ஏனப்பா செங்கோடா, மீசைய எடுத்துப்போட்டுச் சேல கட்டிக்கிறதுதான?"

"கட்டிக்கலாமுங்க. மொதல்ல புள்ள சிரிச்சு முடிக்கட்டும்"னாராம். அவரு தெம்பப் பாருங்க!

நோம்பியும் வந்துச்சு. குப்பண்ணன் அக்கரையில நின்னு கொரல் குடுத்தாரு. புள்ளயத் தூக்க வந்தவர இவருதான ஏத்திக்கிட்டு வரோணும்? ஏத்துனாரு. புள்ளையும் பரிசல்லதான் கெடந்துச்சு, அப்பத் தவழப் பழகியிருந்துச்சு. இக்கரையில ஊரே பாத்துக்கிட்டு நிக்குது. குப்பண்ணன் கையத் தட்டுனாரு, கத்துனாரு. ம்ஹூம்.

"பாத்தியா மாப்பிள்ள?"

"பாத்தனுங்க மச்சான். உங்க துண்ட மூஞ்சில போட்டுக்குங்க."

"எதுக்குடா?"

"போடுங்க மச்சான்."

போட்டுக்கிட்டாரு. செங்கோடன் அவரு பக்கத்துல துடுப்பால மூணு தட்டுத் தட்டுனாரு. டொம், டொம், டொம். புள்ள திரும்புச்சு. தவழ்ந்து போச்சு. மாமன் முழங்காலப் புடிச்சு எந்திரிச்சு, துண்ட வெடுக்குனு இழுத்துப்போட்டு, மூஞ்சிக்கு நேரா கெக்கெக்கேன்னு சிரிச்சுச்சாம்.

குப்பண்ணன் புள்ளய நெஞ்சோட சேத்துக்கிட்டு, "அய்யோ, இது என்ற தங்கச்சி சிரிப்புடா! இதக் கொண்டுபோயி விட இருந்தனே!"ன்னு கரை வர்ற வரைக்கும் அழுதாராம். எறங்கறப்ப மடத்துப் பேச்சே இல்ல. "இன்னொருக்காத் தட்டு மாப்பிள்ள"ன்னு அவரே துண்டப் போட்டுக்கிட்டாராம்.

அந்தப் பாவாயிதாங்க எங்க ஊர்ல பரிசல் தள்ளுன மொதப் பொம்பள. சுழி எங்க இருக்குதுன்னு உள்ளங்காலுலயே தெரிஞ்சுக்குமாம். வெள்ளத்துல ஆம்பளைக பரிசலக் கவுத்து வெச்சுட்டு நிப்பாங்களாம், அது ஆளேத்திக்கிட்டுப் போகுமாம். அதனாலதான் இது பாவாயி துறை. இந்த ஊர் ரத்தம் எங்க பொறந்தாலும், இங்க கொண்டாந்து பரிசல்ல கெடத்தோணும். பெத்தவன் எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும், ஊர் முன்னால மூஞ்சிய மூடிக்கிட்டு மூணு தட்டுத் தட்டோணும். மீசைய நாங்க பாக்கறதில்ல மாப்பிள்ள, புள்ள சிரிப்பத்தான் பாப்போம்.

அட, அங்க பாருங்க, உங்க மக உங்களையேதான் பாத்துக்கிட்டுக் கெடக்குது. போடுங்க துண்ட. ம், தட்டுங்க!