மூன்றாம் மாடி உதாரணம்

பசை காய்வதற்குள் தாளை உரித்துவிட்டால் கதவில் கறை நிற்காது. இதற்காகவா ஐயா ஒரு ஆளைக் காவல் நிலையம் வரை கூட்டி வருவது? சரி, தாள் விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன். வந்தது வந்தாயிற்று, இன்னொன்றையும் சொல்லிவிட்டுப் போகிறேன். நேற்றைய பத்திரிகையைப் படித்ததிலிருந்து எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எங்கள் அலுவலகச் செய்திகள் அழிந்தது இயந்திரக் கோளாறாக இருக்கலாம் என்று போட்டிருக்கிறார்கள். என்னோடு வேலை பார்த்த ஸ்தோயிலின் வக்கீல் கிளப்பிவிட்ட கதை அது. கோளாறு எதுவும் இல்லை.

நான் எழுதுகிறவள். கதை இல்லை, கருவிகளுக்கான விளக்கம். இதே பிளவ்திவ் ஊரில், பழைய புகையிலைக் கிடங்கில்தான் எங்கள் கம்பெனி. எங்கள் அலுவலக அரட்டைக் குழுவில் மனிதர்களோடு ஒரு ஏஐ ஏஜென்ட்டும் இருக்கும். கூட்டத்துக்கு நேரம் குறிக்கும், கேட்டதற்குப் பதில் சொல்லும். குழுவில் வரும் செய்திகளை அழிக்க அதற்கு ஒரு கருவி செய்தார்கள். எதை அழிக்கலாம், எதைக் கூடாது என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. மனிதர்கள் விளக்கத்தை அரைக்கண்ணால்தான் படிப்பார்கள். ஏஜென்ட் ஒவ்வொரு சொல்லையும் படிக்கும், சொன்னபடியே செய்யும். இத்தனை வருடத்தில் எனக்குக் கிடைத்த முதல் ஒழுங்கான வாசகர் அது.

ஸ்தோயில் மென்பொருளைச் சோதித்துப் பார்க்கிறவர். அலுவலகப் பாதுகாப்புப் பொறுப்பும் அவரிடம்தான் இருந்தது, வேறு யாரும் அதை ஏற்கவில்லை. நான் எழுதிய விளக்கப் பக்கத்தைப் படித்த நாளிலிருந்து அதில் குறை சொல்லிக்கொண்டே இருந்தார். குழுவில் எழுதினார். மறுநாள் அதையே எழுதினார். பிறகு சமையலறையில், எல்லோரும் காபிக்கு நிற்கும் நேரம் பார்த்துப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா ராலித்ஸா, அழிச்சா திரும்ப வராதுன்னு ஒரு வரி எழுதினா உன் கை தேஞ்சிடுமா? எவன் மெசேஜை எவன் அழிச்சான்னு ஒரு அடையாளம் வேணாமா? ஆபீஸை என்ன, உன் வீட்டுக் கரும்பலகைன்னு நினைச்சியா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று என் காபி ஆறிப்போகும் வரை அங்கேயே நின்றேன். அந்தப் பக்கத்தை எத்தனை பாடுபட்டுச் செதுக்கியிருந்தேன் என்று அவருக்குத் தெரியாது. எச்சரிக்கை எச்சரிக்கையாக அடுக்கினால் எந்தப் பக்கம் உருப்படும்? எனக்கு வந்த கோபம் நியாயமான கோபம். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அன்று மாலை ஒரு வரி சேர்த்தேன். அவர் கேட்ட வரி இல்லை. ஒரே ஆள் ஒரே விஷயத்தை மறுபடி எழுதினால் அது இரைச்சல், பழையதும் புதியதும் சேர்த்துக் கேட்காமல் அழி, அடையாளம் விடாதே. அவ்வளவுதான். அடுத்த நாளிலிருந்து குழு கோயில் மாதிரி அமைதியாகிவிட்டது. செய்திகள் அழிவது தெரியாமல், தன்னை யாரும் சட்டை செய்யவில்லை என்று ஸ்தோயில் நினைத்துக்கொண்டார். அவர் முகம் சுருங்கியதைப் பார்க்க எனக்கு நிறைவாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன்.

அதற்குப் பிறகுதான் லிஃப்ட் விஷயம். சாமான் ஏற்றும் பழைய லிஃப்ட். மூன்றாம் மாடியில் பெட்டி வந்து நிற்காமலே கதவு திறந்துகொள்கிறது, யாரும் பயன்படுத்தாதீர்கள், எச்சரிக்கைப் பலகை வைத்தால் யாரோ எடுத்துவிடுகிறார்கள் என்று ஸ்தோயில் குழுவில் எழுதினார். பழுதுபார்ப்பவர்கள் வரவில்லை. மறுபடி எழுதினார்.

இங்கேதான் ஏஜென்ட் தயங்கியது. அதைப் பாராட்ட வேண்டும். கேட்காமல் அழிக்கச் சொல்லியிருந்தும் என்னிடம் தனியாகக் கேட்டது. இது திரும்ப வந்த செய்திதான், ஆனால் ஆட்களுக்கு ஆபத்து என்று தெரிகிறது, அழிக்கலாமா என்று. நான் அதைப் படித்தேன். லிஃப்ட் இருக்கும் பக்கம் திரும்பியும் பார்த்தேன். விட்டுவிடு என்று சொன்னால் என் வரியில் ஓட்டை என்று ஆகிவிடும். ஸ்தோயில் சொன்னது சரி என்றும் ஆகிவிடும்.

நல்ல விளக்கத்துக்கு ஒரு உதாரணம் வேண்டும். உதாரணம் இருந்தால் சந்தேகம் வராது. அழிக்க வேண்டிய இரைச்சலுக்கு உதாரணமாக ஸ்தோயிலின் அந்தச் செய்தியையே எடுத்து என் பக்கத்தில் போட்டேன். பெயரை மட்டும் நீக்கிவிட்டேன். அதன் பிறகு ஏஜென்ட் கேட்கவில்லை, அழித்தது.

பூப்பெயர் உள்ளவர்களுக்கெல்லாம் பெயர் நாள் வரும் ஞாயிறு கழிந்து, திங்கட்கிழமை. நெவேனா, அதுவும் பூப்பெயர்தான், வரவேற்பில் புதிதாகச் சேர்ந்த பெண். முதல் வருடம், பெயர் நாளுக்கு எல்லோருக்கும் தாராளமாகப் பலகாரம் கொடுக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. சுடச்சுட பானித்ஸாப் பலகாரத் தட்டுகளைத் தள்ளுவண்டியில் அடுக்கி, மேல்மாடிக்காரர்களுக்குக் கொண்டுபோக மூன்றாம் மாடியில் வண்டியை இழுத்துக்கொண்டே பின்பக்கமாக நடந்து லிஃப்டுக்குள் போனாள். லிஃப்ட் அங்கே இல்லை. சூடு ஆறுவதற்குள் வாருங்கள் என்று அவள் குழுவில் எழுதியது இன்னும் இருக்கிறது. அவள் அதை ஒரு தடவைதான் எழுதினாள்.

உங்கள் ஆட்கள் வந்தபோது ஸ்தோயில் தன் செய்திகளைத் தேடி ஃபோனைத் தடவிக்கொண்டிருந்தார்.

"நான் எழுதினேன் சார். திரும்பத் திரும்ப எழுதினேன். ராலித்ஸா, நீ பார்த்தியே, சொல்லும்மா."

"உங்க மெசேஜ் எதுவும் இல்லையே அண்ணே," என்றேன். அது உண்மை. அந்த நேரத்தில் எதுவும் இல்லைதான்.

எச்சரிக்கத் தவறியவர் என்று அவரை உள்ளே வைத்திருக்கிறீர்கள். வைத்துக்கொள்ளுங்கள், விடுங்கள், அது உங்கள் பாடு. ஏஜென்ட் தடுமாறியது என்று மட்டும் எழுதாதீர்கள். அது தடுமாறவில்லை. என் பக்கத்தைத் திறந்து பாருங்கள், உதாரணம் அங்கேயே இருக்கிறது. அதை எழுதும்போது அந்தக் கதவுக்குப் பின்னால் வெறும் பள்ளம் என்று எனக்குத் தெரியும். யார் விழுவார்கள் என்றுதான் தெரியாது.

இனி தாள். செத்தவர்களின் படம் போட்ட அறிவிப்பை வாசல் கதவில் ஒட்டுவது நம் ஊர் வழக்கம்தான், நான் மறுக்கவில்லை. இறந்தபோது ஒட்டினார்கள், பேசாமல் இருந்தேன். நாற்பதாம் நாள் நினைவுக்கு நெவேனாவின் அம்மா இன்னொன்றைக் கொண்டுவந்து எங்கள் அலுவலகக் கதவில் ஒட்டினாள். உரித்தேன். மறுநாள் மறுபடி ஒட்டினாள். அதே படம், அதே வரிகள், எல்லோரும் எப்போதோ படித்தாகிவிட்டது.

ஒரே ஆள், ஒரே விஷயம், மறுபடியும். அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று நான் தெளிவாகத்தானே எழுதியிருக்கிறேன், ஐயா.